மாநாட்டுக்கு முன் ஆறு மா நடவு

தஞ்சாவூரில் எங்கள் கட்சியின் மாநில மாநாடு நடந்தபோது நான் மேடையேறிப் பேசினேன். மொத்தம் நாலைந்து வரி இருக்கும். அதற்கே இன்றுவரை தெருவில் என்னைப் பார்த்து, “வந்துட்டாங்கய்யா சொற்பொழிவாளர்” என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. செய்யட்டும். அதைப் பேச நான் பட்ட பாடு அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. குடவாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வாய்க்கால் ஓரமாக எங்கள் தெரு. தெரு என்றால் இருபது குடிசை. அத்தனையும் ஒரே மிராசுதாரின் நிலத்தில் நின்றன. சுவர் நாங்கள் குழைத்த மண், கூரை நாங்கள் முடைந்த கீற்று. அடியில் இருக்கிற தரை மட்டும் அவருடையது. அவர் வயலில் சொன்னபடி வேலை செய்கிற வரைக்கும் அதில் குடியிருக்கலாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் ஆள் அனுப்பிக் கூரையைப் பிரித்துவிடுவார்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. நான் பிறந்தது குத்தாலம் பக்கம். எனக்கு ஒன்பது வயதில் என் அப்பா அந்த ஊர்ப் பண்ணையில் கூலி நெல்லை அளந்த மரக்கால் சின்னதாக இருக்கிறது என்று சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். மறுநாள் ஐப்பசி மழையில் நாலு பேர் வந்து எங்கள் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அம்மா அடுப்பு நனையக் கூடாது என்று முறத்தை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூரையே இல்லை, அடுப்புக்கு முறம்! அப்பா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து எங்களுக்குத் தெரியாமல் அழுதார். எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

குடவாசல் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய்தான் எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர். கட்சி ஆட்சிக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே தோளில் கரைத்துண்டு போட்டவர். நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் அவர் கடையிலிருந்து கட்சிப் பத்திரிகையை வாங்கி வந்து தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவேன். அந்தப் பழக்கத்தில்தான் என்னை அவருக்குத் தெரியும். புரட்டாசி மாதம் ஒரு மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, உக்காந்துகிட்டு கேளு,” என்றார்.

“உக்காந்துதானே இருக்கேன் பாய். நீங்கதான் நிக்கிறீங்க.”

“மாநாட்டுல ஒரு தீர்மானம் வருதும்மா. கூலிக்காரங்க குடியிருக்கற மனை அவங்களுக்கே சொந்தமாகணும்னு அரசாங்கத்தைக் கேக்கற தீர்மானம். வக்கீல் ஒருத்தரு முன்மொழியறாரு. வழிமொழியறதுக்கு சேத்துல எறங்கி வேலை பாக்கற பொம்பளை ஒருத்தி வேணும்னு மாவட்டத்துல கேட்டாங்க. நான் உன் பேரை எழுதிக் குடுத்துட்டேன்.”

மாநாட்டில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிவார். இன்னொருவர் எழுந்து, நானும் இதையே கேட்கிறேன் என்று வழிமொழிந்தால்தான் அது நிறைவேறும். அந்த இன்னொருவர் நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. முறத்தில் இருந்த அரிசி பாதி தரையில் கொட்டியதுதான் மிச்சம்.

“சாயங்கால அமர்வு மூணு மணிக்கு. பேரைக் கூப்புடறப்ப ஆள் இல்லேன்னா வேற யாரையாவது ஏத்திடுவாங்க. வக்கீல் சம்சாரம் தயாரா இருக்காங்களாம்,” என்றார் பாய்.

மாடி வீட்டு அம்மாள் வந்து என் குடிசைக்கு வழிமொழிவதா? விடுவேனா? அன்றைக்கே தெருவில் என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பெண்கள் போவதென்று முடிவாயிற்று. பாய் ஒரு லாரிக்கு ஏற்பாடு செய்தார். காலை ஆறு மணிக்கு ஏறினால் பத்து மணிக்குள் தஞ்சாவூர். ஊர்வலத்தையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

சேதி மிராசுதார் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவர் பாதி நாள் சென்னையில் இருப்பவர். நடவு சமயம் என்று ஊருக்கு வந்திருந்தார். கத்தவில்லை, ஆளைக் கூப்பிட்டு மிரட்டவில்லை. தன் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரரிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்: “மேடையில தாராளமா ஏறட்டும். எறங்கி வந்து எந்த வீட்டுக்குள்ள போறாள்னு பாப்போம்.” அதை என் வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்லியிருக்கிறார்.

மாநாட்டுக்கு முதல் நாள் காலையில் எட்டு ஆண்களை நாற்றங்காலில் இறக்கினார். ஆறு மாவுக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கருக்கு, வேண்டிய சம்பா நாற்று முழுவதையும் பறித்து, முடி முடியாகக் கட்டி வைக்கச் சொன்னார். நடவு அடுத்த வாரம் என்றுதான் அதுவரை பேச்சு.

வயல் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாற்றங்காலில் நிற்கிற வரைக்கும் நாற்றுக்கு அவசரமில்லை. பறித்துவிட்டால் சீக்கிரம் நட்டாக வேண்டும். தண்ணீரில் கிடத்தி ஒருநாள் தள்ளிப் போடலாம்தான். ஆனால் அந்த வருடம் வாய்க்காலில் முறைத் தண்ணீர். எங்கள் பக்கத்து முறை மாநாட்டு நாள் சாயங்காலத்தோடு முடிகிறது. மதகை அடைத்துவிட்டால் அடுத்த முறை பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் உழுது வைத்த சேறு இறுகிவிடும், நாற்றும் அழுகிவிடும். ஆக, மாநாட்டு நாளன்றே நட்டாக வேண்டும். அதுவும் நாங்கள்தான் நட வேண்டும். எங்கள் தெருவின் வயலில் வெளியாள் இறங்கக் கூடாது என்பது நாங்களே கொடி பிடித்துப் போட்ட சட்டம்.

மிராசுதாருக்கு எங்களை நன்றாகத் தெரிந்திருந்தது. பறித்த நாற்றைச் சாகவிட்டு எங்கள் பெண்கள் லாரி ஏற மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பயத்தால் அல்ல. வளர்த்த நாற்றைப் பறித்துவிட்டு அழுக விடுகிறவள் எங்கள் பக்கம் பெண்ணே அல்ல, அவ்வளவுதான். எங்களை எங்கள் கையாலேயே கட்டிப் போட்டார்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் முழங்கால் வரை சேற்றோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“நாத்துப் பறிச்சாச்சு புள்ள. ஆறு மாவுக்கும்,” என்றார்.

“யாரு பறிச்சா?”

“எட்டுப் பேரு.”

“அந்த எட்டுல நீயும் ஒருத்தனாய்யா?”

அவர் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அகப்பையை விட்டெறிந்தேன். நல்லவேளை, குறி தப்பியது. “பொண்டாட்டி மேடை ஏறக் கூடாதுன்னு புருஷன் கையாலயே நாத்துப் பறிக்க வெக்கறான், நீயும் போயி பறிச்சிருக்கியே, உனக்கு ரோஷம் மானம் ஒண்ணும் கெடையாதா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர், “பறிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா இன்னிக்கே கூரையைப் பிரிச்சிருப்பான். கூரை இல்லாம நின்னா நாளைக்கு நீ எப்படிப் போவே?” என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பதினெட்டுப் பேரும் வாய்க்கால் படித்துறையில் கூடினோம். ஒருத்தி, “அவன் நாத்து அழுவினா நமக்கென்னடி, லாரில ஏறுங்க,” என்றாள். அடுத்த மூச்சில் அவளே, “அது எப்படி முடியும்?” என்றாள். இன்னொருத்தி என்னை மட்டும் போகச் சொன்னாள், மற்றவர்கள் நட்டுக்கொள்வார்களாம். பதினேழு பேர் ஆறு மாவை ஒரே நாளில் முடிக்க முடியாது. முதுகு ஒடிந்தாலும் முடியாது. இருபது பேராவது கூட வேண்டும்.

அந்த இருபது பேர் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருந்தார்கள். அவர்கள் செங்கொடிக்காரர்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது. கொடி வேறு என்பது மட்டும் காரணமல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்கள் கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தினார்கள். கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கரைப் பண்ணைக்காரர் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பினார். செங்கொடிக்காரிகளுக்குப் புத்தி வரட்டும் என்று பேசிக்கொண்டு நாங்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அறுத்தோம். அவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறு வாரம் பழைய கூலிக்கே வேலைக்கு இறங்கினார்கள். அறுத்தவர்களில் நானும் ஒருத்தி. முன் வரிசையில் நின்று அறுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெளியாள் இறங்கக் கூடாது என்ற சட்டத்தை அதற்குப் பிறகுதான் இரண்டு கரையும் போட்டுக்கொண்டன.

பொழுது சாயும் முன் நான் மட்டும் மூங்கில் பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனேன். அங்கே நடவுக்குத் தலையாளாக ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல உயரம். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அன்னிக்கு அருவாளோட வந்தே. இன்னிக்கு வெறுங்கையோட வந்திருக்கே?”

“உதவி கேட்டு வந்திருக்கேன்க்கா.”

“ஆளுங்கட்சிக்காரங்களுக்கு நாங்க என்ன ஒதவி பண்ண முடியும்? ஒங்களுக்கு மந்திரியெல்லாம் இருக்காங்க.”

எனக்கு மூக்கு விடைத்தது. அடக்கிக்கொண்டு நாற்றைச் சொன்னேன், முறைத் தண்ணீரைச் சொன்னேன், தீர்மானத்தைச் சொன்னேன். வைக்கோலை உதறிக்கொண்டே கேட்டார். கடைசியில், “அன்னிக்கு எங்க வயல்ல எறங்குனியே, அது தப்பா சரியா? மொதல்ல அதைச் சொல்லு,” என்றார்.

மழுப்ப எத்தனையோ வழி இருந்தது. கட்சி, கோபம், வயிறு என்று என்னென்னவோ சொல்லியிருக்கலாம். “தப்புதான்க்கா. பெரிய தப்பு,” என்றேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அழுகையே பிடிக்காது.

அக்கா மிச்ச வைக்கோலை மாட்டுக்கு முன்னால் போட்டார். பிறகு, “பறிச்ச நாத்து என்ன பாவம் பண்ணுச்சு. வரோம். ஒண்ணே ஒண்ணு. அந்த மேடையில ஏறி, நாங்க நட்டதாலதான் வந்தேன்னு சொல்லணும். எந்தக் கொடிக்காரங்க நட்டாங்கன்னும் சொல்லணும். சொல்லுவியா?” என்றார்.

எங்கள் கட்சி மாநாட்டு மேடையில், அத்தனை தலைவர்களும் உட்கார்ந்திருக்க, செங்கொடியைச் சொல்ல வேண்டும்! “சொல்றேன்க்கா,” என்றேன்.

மறுநாள் விடியும்போது நாற்பது பெண்கள் வயலில் நின்றோம். அவர்கள் இருபத்திரண்டு பேர். பாயிடம் லாரியைப் பதினொரு மணிக்கு மாற்றச் சொல்லியாயிற்று. ஊர்வலம் போனால் போகட்டும், மூன்று மணிக்குள் பந்தலில் இருந்தால் போதும். எங்கள் ஆட்கள் கிழக்கே, அவர்கள் மேற்கே என்று வரிசை பிடித்தோம். முதலில் சேறு களக் களக் என்று சத்தம் போட்டதுதான் கேட்டது.

காரியக்காரர் குடையோடு வரப்பில் வந்து நின்றார். மேற்கு வரிசையைப் பார்த்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

“என்ன இது? வெளியாளு எறங்கக் கூடாதுன்னு நீங்கதானே கொடி புடிச்சீங்க?” என்று எங்கள் பக்கம் பார்த்துக் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்தார். “வெளியாளு யாருங்க? பாலத்தைத் தாண்டுனா எங்க வீடு. ஒங்க ஐயாவுக்குத்தான் மெட்ராசுல வீடு. அவரைப் போயி வெளியாளுன்னு சொல்லுங்க.”

நாற்பது பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்த இறுக்கம் போய்விட்டது. அப்புறம் போட்டிதான். “ஆளுங்கட்சி பின்னாடி நிக்குது பாரு,” என்பார்கள் அவர்கள். “குனிஞ்சு நடுங்கடி, கோஷம் போட்டா நாத்து நிக்காது,” என்போம் நாங்கள். நடவில் பின்னோக்கித்தான் நகர வேண்டும். நகர நகர நட்ட பயிர் முன்னால் பச்சையாக விரிந்துகொண்டே போகும். உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் கை எங்கள் கையைவிட வேகம். காரியக்காரரால் தடுக்கவும் முடியவில்லை. தடுத்தால் முதலாளியின் நாற்றல்லவா அழுகும்? குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு மணிக்கு நாலு மாவுக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்திருந்தது. மீதியை அவர்கள் முடிப்பதாகவும், அன்றைய கூலி நெல் முழுவதும் அவர்களுக்கே என்றும் பேச்சு. நாங்கள் கரையேறும்போது அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. “மறந்துடாத,” என்று மட்டும் சொன்னார்.

வாய்க்காலில் கை கால் கழுவி, மாற்றுச் சேலை கட்டி லாரியில் ஏறினோம். நகக்கண்ணில் சேறு போகவில்லை. போகட்டும் என்று நானும் தேய்க்கவில்லை. வழியெல்லாம் கொடி, தோரணம், வளைவு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு லாரி வந்து சேர்ந்துகொண்டது. எங்கள் பெண்களில் பாதிப் பேர் தஞ்சாவூரையே பார்த்ததில்லை. பெரிய கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டிரைவர், “உக்காருங்கம்மா, லாரி சாயுது!” என்று அலறினார்.

பந்தல் எங்கள் ஆறு மா வயலை அப்படியே கூரை போட்டது மாதிரி இருந்தது. அவ்வளவு ஜனத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டரை மணி. ஊர்வலம் முடிந்து ஜனம் உட்கார்ந்திருந்தது. பெண்கள் பகுதியில் இடம் பிடித்தோம். எல்லாப் பக்கத்திலும் எங்கள் கொடி. கூலிக்காரியும் கடைக்காரரும் வாத்தியாரும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இது என் கட்சி என்று நெஞ்சு விம்மியது. யாருக்கும் கை கட்டி நிற்காத ஒரு நாள்!

மூன்று மணி அமர்வு நாலரைக்குத்தான் ஆரம்பித்தது. பாய் என்னை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். போகிற வழியில் அக்கா போட்ட நிபந்தனையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“தங்கச்சி, உன் காலைப் புடிச்சிக் கேக்கறேன். தாள்ல இருக்கறதை மட்டும் படி. மாவட்டத்துல எனக்குத்தான் மண்டகப்படி.”

“வாக்குக் குடுத்துட்டேன் பாய்.”

“நீ இங்க பேசறது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியப் போவுது?”

இந்தக் கேள்வி என்னை உலுக்கியது. உண்மைதானே? அவர் வயலில் இருக்கிறார். நான் இங்கே இருக்கிறேன். பாயைச் சங்கடப்படுத்துவானேன்?

பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். மைக் என் நெற்றி உயரத்துக்கு இருந்தது. ஒரு தொண்டர் வந்து இறக்கி வைத்தார். தாளைப் பிரித்துப் படித்தேன். குரல் நடுங்கவில்லை. “கூலி வேலை செய்பவர் குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தமாக வேண்டும் என்ற இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழிகிறேன்.” கைதட்டல் எழுந்தது. தாளை மடித்தேன். திரும்பினேன். இரண்டு எட்டு வைத்தும்விட்டேன்.

அங்கே ஏன் நின்றேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய காரணமெல்லாம் இல்லை. முதுகு வலித்தது. காலையிலிருந்து குனிந்த வலி. இந்நேரம் அவர்களுக்கும் இப்படித்தான் வலிக்கும், இன்னும் குனிந்தபடிதான் இருப்பார்கள் என்று தோன்றியது. என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தேன்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு. இன்னிக்கு எங்க வயல்ல நடவு. நான் இங்க வரக் கூடாதுன்னு வெச்ச நடவு. அதைப் பாதிக்குப் பாதி நட்டது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க. அவங்க கொடி நம்ம கொடி இல்லீங்க, செங்கொடி. அவங்க நடலேன்னா நான் இங்க இல்ல. நான் கேக்கற மனை அவங்களுக்கும் சேத்துதான்.”

தொண்டர் மைக்கை நோக்கிக் கை நீட்டினார். செத்தோம் என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பகுதியில், எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து, குலவைச் சத்தம் கிளம்பியது. நடவு முடிந்து கரையேறும்போது இடுகிற குலவை. என்ன ஏது என்று தெரியாமலே பக்கத்து ஊர்ப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எல்லாரும் நடவுக்காரிகள்தானே, குலவையைக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? அதற்கு மேல் கைதட்டல் எழும்பியது. நீட்டிய கையைத் தொண்டர் இழுத்துக்கொண்டார். கீழே இறங்கியதும் பாய் ஒரு சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மனைச் சட்டம் பிறகு வந்தது. அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று ஆயிரம் பேர் மார்தட்டுகிறார்கள். தட்டிக்கொள்ளட்டும். அதில் சில வரி என்னுடையது.

தலைவர்களின் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு அங்கேயே தங்கி, காலையில்தான் லாரியில் திரும்பினோம். வாய்க்கால் கரையோடு தெருவை நோக்கி நடந்தோம். ஆறு மாவும் நட்டு முடிந்திருந்தது. தெரு முனை திரும்பினோம். என் வீட்டு வாசலில் கூட்டம். கூரையின் முன்பக்கத்துக் கீற்று பிரிந்து தரையில் குவிந்து கிடந்தது. மீதிக் கூரை நின்றது. என் வீட்டுக்காரர் மேலே உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கி வந்தார். “நேத்து மூணு மணிக்குக் காரியக்காரன் நாலு பேரோட வந்துட்டான் புள்ள. ஏறிப் பிரிக்க ஆரம்பிச்சிட்டானுங்க. அந்தக் கரைப் பொம்பளைங்க அப்பதான் நடவை முடிச்சிட்டுக் கரையேறுறாங்க. பாத்துட்டாங்க. சேத்தைக் கூடக் கழுவாம நேரா வந்து வீட்டுக்குள்ள உக்காந்துட்டாங்க. எங்க தலைமேல பிரிச்சிப் போடுங்கடான்னுட்டாங்க. அவனுங்க எறங்கிட்டானுங்க. அப்ப உக்காந்தவங்க, இன்னும் எழுந்திரிக்கல.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அக்கா என் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார்.

“சொன்னியா?” என்றார்.

மூன்று மணிக்கு நான் மேடையே ஏறவில்லை. சொல்வேனா மாட்டேனா என்று தெரியாமலே, தங்கள் கதிரை அறுத்தவளின் கூரைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

“சொன்னேன்க்கா. ஆனா, சொல்லாமலே ரெண்டு எட்டு வெச்சிட்டேன். அப்புறம்தான் திரும்பிப் போயி சொன்னேன்.”

அக்கா என்னையே பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பிரிந்த கூரை வழியே தெருவுக்கே கேட்டிருக்கும்.

“திரும்பிட்டியில்ல? சரி, அடுப்பை மூட்டு. நேத்து மத்தியானத்துக்கப்புறம் ஒருத்தியும் சாப்பிடல.”

இரு கரைப் பெண்களுக்கும் அன்றைக்கு என் வீட்டில்தான் சோறு. பட்டா என்கிற காகிதம் என் கைக்கு வந்து சேர வெகுநாள் ஆயிற்று. ஆனால் அந்தக் காலையில் நாற்பது பேருக்கு உலை வைத்தபோதே அது என் மனை ஆகிவிட்டது.